மடை அடைக்கத் தெரிந்த செல்கள்

இடவப்பாதி மழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். தக்கலைப் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் எங்கள் வீட்டுப் பையனோடு காத்திருந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் மடியில் மூச்சிழுப்போடு ஒரு பிள்ளை. உள்ளே நெபுலைசர் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி பேரனின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இவனுக்கு எதிர்ப்பு சக்தி கொஞ்சமும் இல்லை மக்களே. கூட்டுவதற்கு ஒரு லேகியம் வாங்கி வைத்திருக்கிறேன்.”

கொரோனாவுக்குப் பிறகு ‘எதிர்ப்பு சக்தி’ வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது. சத்துமாவு டப்பாவிலிருந்து இஞ்சி மிட்டாய் வரை அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஒவ்வாமையால் வரும் இழுப்பைப் பொறுத்தவரை பாட்டியின் கணக்கு தலைகீழானது. அந்தப் பிள்ளையின் உடம்பில் எதிர்ப்புக்குப் பஞ்சமே இல்லை. படுக்கைத் தூசுக்குக்கூடப் படை திரட்டும் அளவுக்கு அது மிகுந்து கிடக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. திரண்ட படையைப் போதும் என்று நிறுத்துகிற ஏற்பாடு தளர்ந்துபோயிருக்கிறது. அந்த வேலைக்கென்றே நம் வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு உண்டு. வெள்ளையணுக்களில் டி செல் என்பது ஒரு வகை; அதில் இந்தப் பிரிவுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘டிரெக்’ என்பார்கள். அவற்றையும் அவற்றை ஆளும் மரபணுவையும் கண்டுபிடித்ததற்காகத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

அந்தச் செல்களுக்குப் போகும் முன் தூசைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே காற்று வறண்டு வீசும் நாட்களில்கூட, மேற்கே கல்குளமும் விளவங்கோடும் ஈரம் சுமந்து நிற்கும். இந்த ஈரம் வீட்டுத் தூசு உண்ணிக்கு வாழ்வு. கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள எட்டுக்கால் உயிர் அது. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். நம் தோலில் இருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்குச் சொந்த வீடு மாதிரி. நம்மைக் கடிக்காது. வம்பு அதன் கழிவு உருண்டைகளில் இருக்கிறது. மெத்தையை உதறும்போது அவை எழும்பி மூச்சோடு உள்ளே போகின்றன.

அந்த உருண்டையில் ஒரு செரிமான நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் இயல்பு. மூச்சுக்குழாயின் உட்பூச்சில் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். நொதி அந்தத் தையலை அறுக்கிறது. அறுபட்ட செல்கள் அபாயச் சமிக்ஞை விடுகின்றன. அடியில் காவலுக்குக் காத்திருக்கும் கிளைத்த செல்கள் உண்ணியின் புரதத் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அனுபவமில்லாத டி செல்களிடம் காட்டுகின்றன. அந்த டி செல் அடுத்து என்னவாக ஆகும் என்பதில்தான் ஒரு பிள்ளையின் மழைக்காலம் அடங்கியிருக்கிறது.

அது ‘டிஎச்2’ என்ற சண்டைக்காரச் செல்லாக மாறினால் மூன்று வேதிச் செய்திகளைப் பொழியும். ஐஎல்-4 என்பது பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களைத் தூண்டி ஐஜிஇ எனும் எதிரணுவை (ஆன்டிபாடியை) சுரக்க வைக்கும். ஐஎல்-5 ஈசினோஃபில் என்ற வேறொரு வகை வெள்ளையணுக்களைப் பெருக்கி நுரையீரலுக்கு வரவழைக்கும். ஐஎல்-13 சளியைக் கூட்டி, மூச்சுக்குழாயை எளிதில் சுருங்கும்படி செய்யும். சுரந்த ஐஜிஇ, திசுக்களில் தங்கியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுமுறை அதே தூசு வந்தால் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிச் சில நிமிடங்களிலேயே இழுப்பைக் கிளப்பும். அதோடு முடிவதில்லை. நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து ஈசினோஃபில்கள் வந்து இறங்க, இரண்டாம் அலை தொடங்கும். சாயங்காலம் பரணைச் சுத்தம் செய்தவர் நடு இரவில் எழுந்து உட்காருவது இதனால்தான்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று நம் நுரையீரலுக்குள் போய் வருகிறது. அதில் வரும் தூசுக்கும் மகரந்தத்துக்கும் பூஞ்சை விதைக்கும் உடம்பு இப்படி ஒவ்வொன்றாகச் சண்டை பிடித்தால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. நுரையீரல் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது கவனிக்கிறது, கவனித்த பின் பொறுத்துப்போக முடிவெடுக்கிறது. ‘ஒவ்வாமை’ என்ற நம் சொல் இந்த இடத்தில் துல்லியமானது. ஒவ்வுதல் என்றால் ஒத்துப்போதல். ஒத்துப்போவதற்கும் உடம்பு உழைக்க வேண்டியிருக்கிறது. உழைப்பு நின்றால் ஒவ்வாமை.

இந்த உழைப்பாளிகளைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது, கொஞ்சம் அவமானமும் கலந்தது. 1970களில் ‘அடக்கும் டி செல்’ என்ற பேச்சு நோயெதிர்ப்பு ஆய்வுலகில் பெரிதாக எழுந்தது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களில் தெரியவந்ததும் அந்தத் துறையே கவிழ்ந்தது. அதன் பிறகு அடக்கும் செல் என்று வாய் திறந்தவரைச் சக ஆய்வாளர்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். சகாகுச்சி விடவில்லை. பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் சுண்டெலியின் உடம்பு தன்னைத்தானே தாக்கத் தொடங்குகிறது என்று ஜப்பானில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். டி செல்கள் முதிரும் பள்ளிக்கூடம் தைமஸ். அதை எடுத்தால் சண்டை குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? அங்கிருந்து ஏதோ ஒரு சமாதானக்காரன் வெளியே வருகிறான் என்று அவர் பிடித்துக்கொண்டார். மேல்பரப்பில் சிடி25 என்ற அடையாளத்தைத் தாங்கிய ஒரு சிறு கூட்டம்தான் அது என்று 1995இல் நிறுவினார்.

மறுபாதிக் கதை ஒரு சொறிபிடித்த எலியிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1940களின் இறுதியில் செதில் உதிரும் தோலும் வீங்கிய மண்ணீரலுமாகச் சில ஆண் எலிகள் பிறந்தன. சில வாரங்களில் செத்துப்போயின. அரை நூற்றாண்டு கழித்து பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டை அலசினார்கள். சந்தேகத்துக்குரிய மரபணுக்கள் இருபது. பத்தொன்பதில் பிழை இல்லை; இருபதாவதில் இருந்தது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்து 2001இல் வெளியிட்டார்கள். மனிதரில் அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வருவதும் அதே ஆண்டு தெரிந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் கரப்பான் எனும் தோல் அழற்சி. கூடவே இரத்தத்தில் ஐஜிஇ ஏகமாக ஏறியிருக்கும். கடைசிச் செய்திதான் நமக்கு முக்கியம். டிரெக் இல்லாவிட்டால் உடம்பு தன்னையும் தாக்கும், ஒவ்வாமையையும் வளர்க்கும். ஃபாக்ஸ்பி3தான் சகாகுச்சியின் செல்களை ஆளும் மரபணு என்று 2003இல் இரண்டு கதைகளும் சேர்ந்தன.

டிரெக் எப்படி அடக்குகிறது என்பதற்கு நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நல்ல உவமை கையிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வரும்போது தலைமடைக்காரர் தன் வயலுக்கு முழுதாகத் திருப்பிக்கொண்டால் கடைமடை காயும். டி செல்கள் பெருகுவதற்கு ஐஎல்-2 என்ற சுரப்பு வேண்டும். சிடி25 என்பது அந்த ஐஎல்-2வைப் பிடிக்கும் கைதான். டிரெக்கின் உடம்பெல்லாம் எந்நேரமும் அந்தக் கை முளைத்திருப்பதால், சுரப்பு மற்றவர்களை அடையும் முன்னே அது உறிஞ்சிவிடுகிறது. சண்டைக்காரச் செல்கள் கடைமடையில் வாடுகின்றன. அடையாளமாக மட்டும் முதலில் பார்க்கப்பட்ட சிடி25 கடைசியில் ஆயுதமாகவும் இருந்தது.

இது ஒரு வழி. இன்னொன்று கொஞ்சம் விசித்திரம். கிளைத்த செல் தூசுப் புரதத்தைக் காட்டும்போது ‘ஆம், தாக்கு’ என்று உறுதி சொல்ல அதன் மேல் இரண்டு மூலக்கூறுகள் துருத்திக்கொண்டிருக்கும். டிரெக் அதனோடு ஒட்டி நின்று, சிடிஎல்ஏ-4 என்ற கொக்கியால் அந்த மூலக்கூறுகளைப் பிய்த்துத் தன்னுள் விழுங்கிவிடும். காட்டுகிறவர் காட்டிக்கொண்டே இருப்பார். உத்தரவு மட்டும் வராது. மூன்றாவது, ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற சாந்தப்படுத்தும் சுரப்புகள். இவை டிஎச்2 செல்களையும் ஈசினோஃபில்களையும் தணிக்கின்றன. ஐஎல்-10 இன்னொன்றும் செய்கிறது. பி செல்லிடம் போய், ஐஜிஇக்குப் பதிலாக ஐஜிஜி4 என்ற சாதுவான எதிரணுவைச் சுரக்கச் சொல்கிறது. அது ஒவ்வாப் பொருளை வழியிலேயே பிடித்துக்கொண்டால் மாஸ்ட் செல்லை அந்தப் பொருள் எட்டவே எட்டாது.

இவ்வளவையும் செய்வது இரத்தத்தில் உதவி டி செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மட்டுமே இருக்கிற சிறுபான்மை. அதில் தைமஸிலேயே தயாராகி வருவன உண்டு. தூசு வந்த இடத்தில், அபாயச் சத்தம் இல்லாமல் அதைச் சந்தித்த அனுபவமில்லாத டி செல்லே டிரெக்காக மாறுவதும் உண்டு. நுரையீரல் பொறுமையைக் கற்கிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான்.

இதை மனிதரில் நேராகப் பார்க்க ஒரு நல்ல இடம், நம்ப மாட்டீர்கள், தேனீப்பெட்டி. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்துச் சுரப்பிகளில் தேன் கசியும். குலசேகரம், அருமனைப் பக்கத் தோட்டங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் பெட்டிகள் வரிசையாக உட்காருவது அதற்காகத்தான். சீசனில் பெட்டி திறக்கிறவர்கள் கொட்டு வாங்காமல் இருக்க முடியாது. பழகியவர்கள் கையை உதறிவிட்டு அடுத்த சட்டத்தைத் தூக்குவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அதே கொட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி வரை இழுத்துப் போகலாம்.

‘பழகிப்போச்சு’ என்பதற்குள் என்ன இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அக்டிஸ் தம்பதியின் ஆய்வுக்குழு இதைத் தேனீ வளர்ப்பவர்களின் இரத்தத்தில் தேடி, 2008இல் வெளியிட்டது. சீசனின் முதல் கொட்டுகள் விழுந்து சில நாட்களுக்குள், நஞ்சை எதிர்க்கும் அவர்களுடைய டி செல்கள் ஐஎல்-10 சுரக்கும் அடக்கும் செல்களாக மாறின. (இவை ஃபாக்ஸ்பி3 தாங்கியவை அல்ல, டிரெக்கின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். வேலை ஒன்றுதான்.) இந்த மாற்றத்துக்கு உதவியது ஹிஸ்டமின். சொறியையும் வீக்கத்தையும் கிளப்புகிற அதே ஹிஸ்டமின் டி செல்லின் மேல் வேறொரு ஏற்பியில் அமரும்போது அடக்கத்தைத் தூண்டுகிறது. சீசன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து பாடம்.

அளவும் முக்கியம். பிரான்சில் தேனீ வளர்ப்பவர்களிடையே நடந்த பழைய ஆய்வொன்றில், ஆண்டுக்கு 200க்கு மேல் கொட்டு வாங்கியவர்களிடம் ஒவ்வாமை காணப்படவில்லை. 25க்குக் குறைவாக வாங்கியவர்களிடம்தான் அது மிகுதியாக இருந்தது. எப்போதாவது கொஞ்சம் என்பது உடம்பைச் சீண்டிவிடுகிறது. தொடர்ந்து நிறைய என்பது அடக்கத்தைக் கற்பிக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் பெட்டிக்குள் கை விட வேண்டாம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரை ஒரே கொட்டு கொன்றுவிடலாம்.

இனி, இந்த ஏற்பாடு எப்படிக் கெடுகிறது என்பது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களின் டிரெக்கை எடுத்துச் சோதனைக் குழாயில் பார்த்தபோது, அவை மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே அடக்கின; மகரந்தக் காலத்தில் அந்த அடக்கம் இன்னும் தளர்ந்தது. இது 2004இல் தெரிந்த விஷயம். ஆக, டிரெக் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் மட்டும் போதாது. வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைவிடக் கவலைக்குரியது கட்சி மாறுவது. பிட்ஸ்பர்க்கில் அனுராதா ரேயின் குழு 2012இல் காட்டியது இது: தாய் எலியின் பால் வழியாகவே குட்டிக்கு ஒவ்வாப் பொருளைப் பொறுக்கும் பாடம் கிடைக்கிறது. ஆனால் அந்தக் குட்டிக்குச் சின்ன வயதிலேயே ஆர்எஸ்வி என்ற சளிக் கிருமி அடுத்தடுத்துத் தொற்றினால், அதன் டிரெக் செல்களே டிஎச்2வின் குணத்தைப் பூண்டுவிடுகின்றன. மடை அடைக்க வைத்த ஆளே மடையை வெட்டிவிடுவது போல. கைக்குழந்தைக்குக் கடுமையான சளி வந்து தேறிய பிறகு இழுப்பு ஒட்டிக்கொண்டது என்று தாய்மார்கள் சொல்வதை நாம் அலட்சியமாகக் கேட்கக் கூடாது.

புகையும் இதே வேலையைச் செய்கிறது. கலிபோர்னியாவில் காற்று மோசமான ஃப்ரெஸ்னோ நகரத்து ஆஸ்துமாப் பிள்ளைகளின் டிரெக்கில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் மேல் வேதிப் பூட்டுகள் கூடியிருந்ததையும் அவற்றின் அடக்கும் திறன் குறைந்திருந்ததையும் 2010இல் கண்டார்கள். எனக்கு அதைப் படித்ததும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) புகைக்கூண்டும், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையும், கதம்பை (தேங்காய் மட்டை) எரியும் அடுப்படியும்தான் நினைவுக்கு வந்தன. ஃப்ரெஸ்னோவின் வாகனப் புகையும் நம் கதம்பைப் புகையும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு பிள்ளையின் இழுப்புக்கு மெத்தையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு அடுப்படியை விட்டுவிடுவது நியாயமாகாது.

மாட்டுத் தொழுவத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு விவசாயச் சமூகங்களை 2016இல் ஒப்பிட்டார்கள். முன்னவர்கள் வீட்டோடு தொழுவம், மாடு குதிரை என்று வாழ்கிறவர்கள். பின்னவர்கள் இயந்திரப் பண்ணைக்காரர்கள். ஆஸ்துமா முன்னவரின் பிள்ளைகளிடம் நூற்றுக்கு 5, பின்னவரிடம் 21. தொழுவத்துத் தூசில் உள்ள பாக்டீரியாச் சிதைவுகள் சின்ன வயதிலேயே உட்பூச்சு செல்களின் பதற்றத்தைக் குறைக்கின்றன என்பது விளக்கம். குடல்புழுவும் தன் பிழைப்புக்காக டிரெக்கைப் பெருக்கும். எலியில் அது ஒவ்வாமையைத் தணித்தது உண்மை. அதை நம்பி இங்கிலாந்தில் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொக்கிப்புழுவை ஏற்றியே பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் சொல்லிக்கொள்ளும்படி குணம் ஏதுமில்லை. பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுப்பதை நிறுத்த இது காரணமாகாது.

டிரெக்கை வேண்டுமென்றே பழக்கும் வைத்தியம் ஒன்று நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது, டிரெக் என்ற பெயர் பிறக்கும் முன்பிருந்தே. லண்டனில் லெனார்ட் நூன் 1911இல் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊசியில் ஏற்றினார். இன்று ‘அலர்ஜி ஊசி’ என்று நம் ஊரிலும் போடுவது அதன் வாரிசு. தேனீக்காரருக்கு நடப்பதுதான் இதிலும் நடக்கிறது: முதலில் ஐஎல்-10 சுரக்கும் செல்கள் எழும், பிறகு ஐஜிஜி4 கூடும், ஐஜிஇ தொடக்கத்தில் சற்று ஏறி, ஆண்டுக்கணக்கில்தான் இறங்கும். தேனீக்காரரின் பாடம் சீசனோடு மறந்துவிடுகிறது. மூன்று ஆண்டு விடாமல் போட்ட ஊசியின் பலன் நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் நிற்கிறது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், இழுப்பு கட்டுக்குள் இல்லாதவருக்குப் போடக் கூடாது என்ற இரண்டையும் யாராவது தளர்த்தினால் அங்கே ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்று பாட்டியின் பேரனை உள்ளே கூப்பிட்டுப் பார்த்த டாக்டர் தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதியிருந்தார். வெளியே வந்த பாட்டிக்கு முகமே சரியில்லை. “இது பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே” என்றார். எனக்கு அப்போது சரியான பதில் தெரியவில்லை. பிறகு படித்தேன்: ஜெர்மனியில் ஆஸ்துமாப் பிள்ளைகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் டிரெக் குறைவாகவும் வலுவற்றும் இருந்தது, இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுத்த பிறகு எண்ணிக்கையும் திறனும் மீண்டன என்று 2007இல் எழுதியிருக்கிறார்கள். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல இன்ஹேலர் இதைச் செய்வதில்லை. அது அந்த நேரத்து மூச்சுக்கு மட்டும்.

பாட்டி மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி, “அப்படியானால் இந்த லேகியத்தைக் கொடுக்கவா, வேண்டாமா?” என்று கேட்டார்.